பிரிக்கக் கூடாத சீட்டு

பிப்ரவரி 8

அன்புள்ள ஊசிக்கு,

இங்கே என் இடுப்பைத் தவிர எல்லாரும் நலம். உன் வயிறு எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாயா, இல்லை வழக்கம்போல மறந்துவிட்டு மேனேஜரைத் திட்டுகிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் இந்தப் பக்கம் என் தையல் மெஷின் கத்தும், அந்தப் பக்கம் உன் கார் ஷோரூம் பாட்டு கத்தும், நடுவில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று நழுவிவிடுவாய். எழுத்தில் என்றால் மாட்டிக்கொள்வாய்.

விஷயம் இதுதான். உன் அக்கா கார் வாங்கப் போகிறாள். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் கார்களுக்குச் சீட்டுக் கவர் தைக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு காருக்குள் ஏறி இறங்குகிறேன். ஒன்றிலாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேனா? எல்லாக் கம்பெனி வண்டியையும் குனிந்தபடியேதான் பார்த்திருக்கிறேன். இப்போது வீட்டுக்கே வந்து அளவெடுத்து மாட்டிக் கொடு என்கிறார்கள். ஸ்பாஞ்சு மூட்டையோடு நான் ரோட்டில் நின்றால் வாடகை வண்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பஸ் கண்டக்டர் மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்கிறார். கேட்டுவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்க்கிறார், எனக்கே ரெண்டு போடலாமா என்று.

ஆகவே ஐம்பத்தொரு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கிவிட்டேன். கற்றுக்கொடுத்தவர் என் கடைசி வகுப்பு முடிந்ததும் ஒரு வாரம் லீவு போட்டதாகக் கேள்வி.

பெரிய வண்டி வேண்டாம். பாட்டு, கேமரா, தானாக இறங்கும் கண்ணாடி, எதுவும் வேண்டாம். கையால் சுற்றும் ஜன்னல் போதும், தோளுக்கு நல்லது. ஒரே ஒரு நிபந்தனை. புது வண்டியாக இருக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்தச் சீட்டில் ஒருவரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கையில் இருக்கும் தொகையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பார்.

சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் பல் டாக்டர் வண்டி வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், நீ என் கடையில் இருந்தபோது தைத்த கவர். துணி நைந்துவிட்டது. உன் இடக்கை முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி. உலகத்தில் எல்லார் முடிச்சும் வலப்பக்கம் சாயும்போது இவனுடையது மட்டும் ஏன் இடப்பக்கம் சாய்கிறது என்று உன் தலையில் எத்தனை முறை குட்டியிருக்கிறேன். இப்போது தடவிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்.

குட்டி வளர்த்த
அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு பரவாயில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்லு.

தனித்தாளைப் பார்த்தேன். அந்தத் தொகைக்குப் புது வண்டியில் முன்பாதிதான் வரும் அக்கா. கொஞ்சம் ஓடிய வண்டி பார்க்கட்டுமா? எங்களிடமே பழைய வண்டிப் பிரிவு இருக்கிறது. ஒரே ஆள் ஓட்டியது, கீறல் இல்லாதது கிடைக்கும். யோசித்து எழுது.

இந்த மாதம் இங்கே நிலைமை சரியில்லை. விரிவாக அப்புறம்.

அன்புடன்
தம்பி

மார்ச் 3

அன்புள்ள ஊசிக்கு,

இடுப்பு இன்று நலம், நாளைக்குத் தெரியாது. "நிலைமை சரியில்லை" என்றால் எது? வயிறா, மேனேஜரா? பாதியில் விடாதே, எனக்குத் தூக்கம் வராது.

பழைய வண்டியா? என்னிடமா சொல்கிறாய்? ஊரிலிருக்கும் பழைய வண்டிகளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவள் நான். மேலே பூப்போட்ட கவர் இருக்கும். உள்ளே பிள்ளை வாந்தி, சிகரெட் ஓட்டை, குடித்தனம் நடத்திய எலி. ஒரு சீட்டுக்குள் பல்செட் கிடந்தது, கீழ்வரிசை மட்டும். இன்னொன்றில் ஒட்டிய கவரோடு ஒரு கடிதம். நான் அதைப் பிரிக்கவில்லை. (என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும், அடுத்தவர் கடிதத்தில் கைவைக்க மாட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.) உள்ளேயே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். "கீறல் இல்லாதது" என்று ஒருவன் சொன்னால் கீறலை எங்கே தைத்திருக்கிறான் என்றுதான் என் கை தேடும். தேடாமல் உட்கார ஒரு சீட்டு வேண்டும் எனக்கு. அவ்வளவுதான் ஆசை.

இங்கே இரண்டு ஷோரூம் பார்த்தாயிற்று. முதலாவதில் சோபா, ஏசி, காபி, பிஸ்கட். தொகையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் பிஸ்கட் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவதில் வாசலில் பெரிய எழுத்தில் விலை போட்டிருந்தார்கள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு விளக்கம் கீழே எறும்பு எழுத்தில். கண்ணாடி போட்டுப் படித்தால், சக்கரத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் தனி விலை. உன் அத்தான், வருஷத்துக்கு மூன்று வாக்கியம் பேசுகிற மனுஷர், "ஸ்டியரிங் சேத்தா, தனியா?" என்று கேட்டார். அவர்களும் யோசித்துவிட்டுச் "சேர்த்துதான் சார்" என்றார்கள். கிளம்பும்போது ஒருவன் ஓடி வந்து, "மேடம், உங்களுக்குச் சீட்டுக் கவர் ஃப்ரீ" என்றான். எனக்கு.

நீ பார். நீ பார்த்தால் எனக்குச் சோதிக்கிற வேலை இல்லை.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே.

வண்டி அமைந்துவிட்டது. ஒருவர் புக் செய்துவிட்டு வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார். அடிப்படை மாடல், சாம்பல் நிறம், கையால் சுற்றும் ஜன்னல். உன் தொகைக்கே முடித்துத் தருகிறேன். மேனேஜரிடம் பேசிவிட்டேன். நீ வர வேண்டாம், அவ்வளவு தூரம் பஸ்ஸில் உன் இடுப்பு தாங்காது. டிரைவர் போட்டு அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும். சீட்டு மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடாதே. இரண்டாவது சர்வீஸ் வரை அப்படியே இருக்கட்டும். பிரித்தால் வாரண்டி போய்விடும். இது புது விதி.

அன்புடன்
தம்பி

ஏப்ரல் 25

என் தங்க ஊசிக்கு,

இன்று இடுப்புகூட நலம். உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் வேண்டாம் என்று சொல்லியும். "என் தம்பி ஷோரூமில் இருக்கான், அவன் பார்த்துக்குவான்" என்று இந்தத் தெருவில் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மானம் தப்பியது.

பிளாஸ்டிக் விஷயம்தான் வேடிக்கை. "உறையை முதல்ல கிழிச்சு எறிங்க, முதுகு வேர்த்து ஊத்தும்" என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் இது. தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு விதியைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நீ சொன்னால் சரி. கம்பெனிக்காரனுக்கு என்ன பயமோ.

முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். உன் வயிற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மறைக்கிறாயா?

அக்கா

மே 12

அக்கா,

நலம். வண்டி நாளை காலை கிளம்புகிறது. காகிதமெல்லாம் முன்பெட்டிக்குள் இருக்கிறது. நானே ஓட்டி வரலாம் என்றுதான் இருந்தேன், லீவு இல்லை. புது வண்டிதான், பார்த்தாலே தெரியும். பிளாஸ்டிக் ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி

மே 20

அன்புள்ள ஊசிக்கு,

எல்லாரும் நலம், சாம்பல் நிறத்தவளும் நலம்.

வந்து இறங்கிய அன்று தெருவே வேலையை விட்டுவிட்டு நின்றது. பஞ்சர் கடைக்காரர் நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்த்து, "என்கிட்ட வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்" என்று வருத்தப்பட்டார். உன் அத்தான் ஊர் வண்டிக்கெல்லாம் எழுதுகிற கையால் நம் வண்டிக்கும் நம்பர் பிளேட் எழுதி மாட்டினார். மாட்டும்போது முன்பக்கம் குனிந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, அழகா இருக்கு" என்றார். அந்த மனுஷர் வாயிலிருந்து இந்த வார்த்தையை என் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

மீட்டரில் தொள்ளாயிரத்து முப்பது கிலோமீட்டர் காட்டுகிறது. உன் ஊர் நானூறுதானே? டிரைவர் வருகிற வழியில் மாமியார் வீட்டுக்கும் போய்வந்திருப்பார் போல. கேட்டேன். "அக்கா, நான் எடுக்கும்போதே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டு டீ கேட்டார். சரி, எனக்கு முன்னால் அவர் ஒருவர் உட்கார்ந்ததை நான் சேர்க்கவில்லை. பிளாஸ்டிக் மேல்தானே உட்கார்ந்தார்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லாதே. திரும்பினால் கிறீச், பிரேக் போட்டால் வழுக்கல். இறங்கும்போது என்னோடு சேர்ந்து பாதி உறையும் இறங்கப் பார்க்கிறது. சிக்னலில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஆமாம், நிமிர்ந்து. காருக்குள். எத்தனை வருஷம் கழித்து. அப்போது உன்னை நினைத்தேன். எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன், கண் கலங்கிவிட்டது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

ஒருநாள் வா. உன்னை முன் சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். தைரியம் இருந்தால்.

அக்கா

ஜூலை 2

தம்பிக்கு,

நலம். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை.

ஒரே ஒரு கேள்வி. வண்டியைக் கொண்டுவந்த டிரைவரைத் தவிர, எனக்கு முன்னால் அந்தச் சீட்டில் யாராவது உட்கார்ந்தார்களா? உட்கார்ந்திருந்தால் ஆமாம் என்று எழுது. கத்த மாட்டேன். வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அதற்குமேல் எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். யார் என்ன சொன்னார்கள்? அந்தப் பஞ்சர் கடைக்காரரா? அக்கம்பக்கத்தில் வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள். யாரும் உட்காரவில்லை. உன் தலைமேல் சத்தியம். போதுமா?

பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறதல்லவா?

தம்பி

ஜூலை 21

விற்பனைப் பிரதிநிதி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வயிறு நலமா?

தங்கள் கம்பெனியின் வாரண்டி விதியை நான் மீறிவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஜூன் கடைசியில் மாவு மில்காரர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். அவர் மகள் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறவங்க சீட்டு இப்படியா இருக்கும்?" என்று கேட்டாள். ரோஷம் வந்தது. வாரண்டி போனால் போகட்டும், என் கையாலேயே ஒரு கவர் தைத்துப் போடுவோம் என்று கடைக்கு வந்து உறையைக் கிழித்தேன்.

ஓட்டுநர் சீட்டு, கதவுப் பக்கத்து ஓரம். ஒரு முழம் நீளத் தையல். துணி நிறம் பொருத்தமாகத்தான் இருந்தது. நூல் மட்டும் கம்பெனி நூலைவிட ஒரு மயிரிழை தடிமன். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. அடியில் திருப்பினேன். கவ்வியிருந்த கம்பி வளையங்களை யாரோ பிரித்துத் திரும்ப நெருக்கியிருந்தார்கள். தையல் முடிகிற இடத்தில் மூன்று தையல் பின்னால் வந்து, நூலை அடிப்பக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டு, அரிசி நீளம் விட்டு வெட்டியிருந்தது. இதை ஒரே ஒரு கடையில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஸ்பாஞ்சுக்குள் இரண்டு கண்ணாடித் துணுக்கு. ஒன்று என் விரலில் ஏறிவிட்டது. தைக்கும் முன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

வேறு எவனாவது தைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா? என் தம்பியையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்து உன் ஷோரூம் வாசலில் நின்று கத்தியிருப்பேன். உனக்காகவும் சேர்த்துக் கத்தியிருப்பேன். மற்றவர் வண்டியில் தையலைத் தேடுகிற கை, உன் வண்டி என்றதும் சும்மா இருந்தது. நான் சோதிக்க மாட்டேன் என்று நானே உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார். எழுத்தில் மாட்டிக்கொண்டது நான்தான்.

ஜூலை இரண்டாம் தேதிக் கடிதம் எழுதும்போது இந்த முடிச்சு என் மேஜைமேல் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்டேன். நீ என் தலைமேல் சத்தியம் செய்தாய். தலை இன்னும் கழுத்தின்மேல்தான் இருக்கிறது. தங்கள் தயவு.

தையல் நன்றாக இருந்தது.

இப்படிக்கு
வாடிக்கையாளர்

இணைப்பு: முடிச்சு ஒன்று.

ஆகஸ்ட் 14

அக்கா,

முடிச்சு வந்தது. பர்சில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை இதற்குமுன் ஐந்து முறை கிழித்தேன். அது வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டுகிற வண்டி. பிப்ரவரியில் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். வாசல் தூணில் பக்கவாட்டில் இடித்து, கதவுக் கண்ணாடி நொறுங்கிச் சீட்டைக் கிழித்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். கூட இருந்தவன்தான் பொறுப்பு, ஏப்ரல் முடிவதற்குள் அதைத் தள்ளிவிடு, இல்லாவிட்டால் நீ கிளம்பு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உனக்கு "நிலைமை சரியில்லை" என்று எழுதியது அந்த வாரம். மார்ச்சில் வயிற்றுக்காக ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதையும் எழுதவில்லை.

கதவை மாற்றிப் பெயின்ட் அடித்தார்கள். மூன்று பேருக்குக் காட்டினேன். மூன்று பேரும் கேள்வி கேட்டார்கள். நீ மட்டும்தான் கேட்க மாட்டாய் என்று தெரியும். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

சீட்டை மாற்ற மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியாள் ஒருவனிடம் தைக்கக் கொடுத்திருக்கலாம். நீ உட்காரப் போகிற சீட்டு, கண்டவனிடம் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஷெட்டில் தனியாக உட்கார்ந்து தைத்தேன். முடிச்சை வலக்கையால் போட்டுப் பார்த்தேன் அக்கா. மூன்று முறை. வரவில்லை.

உன் தலைமேல் செய்த சத்தியத்துக்கு என்னிடம் காரணம் இல்லை. இடிபட்ட வண்டிக்கு நீ கூடுதலாகக் கொடுத்ததை மாதாமாதம் அனுப்புகிறேன். வேண்டாம் என்றாலும் அனுப்புவேன். திட்டி எழுது. நேரில் வந்து குட்டு. பதிலாக ஒரு வரி போதும்.

ஊசி

செப்டம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். ஒரு நம்பர் பிளேட்டில் அடங்குவதற்குமேல் எழுதினால் கை தடுமாறும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. கவர்மேல் கையெழுத்தைப் பார்த்தாள். பிரிக்கவில்லை. நாலு நாள் மெஷின் பக்கத்தில் கிடந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் டிரைவர் சீட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஸ்பாஞ்சு முழுவதும் தடவிப் பார்த்தாள். கடிதத்தைக் கவரோடு உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள். வளையமெல்லாம் புதிது. கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். தினமும் அதன்மேல்தான் உட்கார்ந்து ஓட்டுகிறாள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நம்பர் பிளேட் மாட்டிய அன்றே முன்பம்பரில் பழைய திருகாணித் துளைகளைப் பார்த்தேன். வேறு ஏதோ பலகை மாட்டிக் கழற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். என் பிளேட்டை அரை அங்குலம் இறக்கி, துளைகளை மறைத்து மாட்டிவிட்டேன். போன வாரம் அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து முன் சீட்டில் ஸ்பாஞ்சு மூட்டை இருக்கிறது. எனக்குப் பின் சீட்டு.

ஒரே ஒரு தடவை, "பிரிச்சு என்ன எழுதியிருக்கான்னு படிச்சுத்தான் பாரேன்" என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"புதுச் சீட்டுங்க. பிரிச்சா வாரண்டி போயிடும்" என்றாள்.

வயிற்றைப் பார்த்துக்கொள். இதை அவள் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

அத்தான்